காய்ச்சல் இல்லை, அப்புறம் ஏன் சி.ஆர்.பி. ஏறுகிறது? டயாலிசிஸ் நோயாளிகளும் ரத்தத்தில் தெரியும் அழற்சியும்

உசிலம்பட்டியிலிருந்து காலையில் பஸ் பிடித்து மதுரைக்கு டயாலிசிஸுக்கு வருகிற ஒருவரின் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் எல்லாம் பழகிய வரிகள். "உப்பு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டு, போன மாதச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த முறை புதிதாக ஒரு வரி: சி.ஆர்.பி. 24. பக்கத்தில், இயல்பு 5-க்குள் என்று அச்சாகியிருக்கிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, புண் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மகன் போனில் தேடிப் பார்க்கிறார். சி.ஆர்.பி. அதிகமுள்ள டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆயுள் குறைவு என்று ஏதோ ஓர் ஆராய்ச்சிச் செய்தி கண்ணில் படுகிறது. அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது.

செய்தி பொய்யில்லை. பல ஆண்டுகளாகப் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம்தான். ஆனால் அந்த எண்ணை நாள் குறித்துக் கொடுக்கும் சீட்டாகப் படித்தால் தவறு. உடம்பில் எங்கோ ஒன்று சரியில்லை, தேடு என்று அது சொல்கிறது. தேடினால் பல நேரம் காரணம் கிடைக்கும். கிடைக்கும் காரணங்களில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். அதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

அலர்ஜியும் வேறு, வீக்கமும் வேறு

சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஒரு புரதம். அழற்சி என்றதும் இரண்டு குழப்பங்கள் வருகின்றன. ஒன்று அலர்ஜி. காதில் கிட்டத்தட்ட ஒன்றுபோல விழுவதால், "எனக்கு எந்த மருந்தும் அலர்ஜி இல்லையே" என்று பதில் வரும். அலர்ஜி என்பது ஒவ்வாமை. இன்னொன்று வீக்கம். டயாலிசிஸ் நோயாளிக்குக் கால் வீங்குவதும் முகம் ஊதுவதும் பெரும்பாலும் நீர் கோத்துக்கொள்வதால் வருபவை.

அழல் என்றால் நெருப்பு. அழற்சி என்ற சொல் அங்கிருந்து வந்தது. வயலில் நடக்கும்போது கருவேல முள் குத்திய இடம் மறுநாள் சிவந்து, சூடாகி, புடைத்து, தொட்டால் வலிக்கிறதே, தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அதுதான் அழற்சி. கிருமியை அழிக்கவும் காயத்தை ஆற்றவும் உடம்பு நடத்தும் போர் அது. வெள்ளை அணுக்கள் அங்கே கூடி, இன்டர்லூகின்-6 போன்ற தூதுப் பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை கல்லீரலை எட்டியதும், கல்லீரல் தன் வழக்கமான வேலையைக் குறைத்துக்கொண்டு போர்க்காலப் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. சி.ஆர்.பி. அவற்றில் ஒன்று. காயம் ஆறியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடம்பில் இந்தப் போர் அடங்குவதே இல்லை. பெரிதாக எரியாமல், நீறுபூத்த நெருப்பாக மாதக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது. அடிப்படைக் காரணங்கள் மூன்று.

1. தூதுப் பொருள்களை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது நின்றதும் அவை ரத்தத்தில் தேங்குகின்றன. டயாலிசிஸ் யூரியாவை எளிதாகக் கழுவிவிடும். இன்டர்லூகின்-6 யூரியாவைவிட முந்நூறு மடங்குக்கும் மேல் பெரிய மூலக்கூறு, சாதாரண வடிகட்டியில் அவ்வளவு சுலபமாகப் போகாது. நேரத்தையும் பாருங்கள்: வாரத்துக்கு 168 மணி நேரம் ஓய்வில்லாமல் உழைத்த உறுப்பின் வேலையை, வாரம் மூன்று முறை நான்கு மணி நேரம் என்று 12 மணி நேரத்தில் ஓர் இயந்திரம் செய்கிறது. வாரம் இரண்டு முறைதான் என்றால் 8 மணி நேரம்.

2. உடம்பில் தேங்கும் கழிவுகள் ரத்தக் குழாய்களின் உள்சுவரைத் தொடர்ந்து உறுத்துகின்றன. நீர் கோத்துக்கொண்டால் குடலின் சுவரும் ஊறிப்போய், குடலில் இருக்கும் கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன.

3. டயாலிசிஸ் சிகிச்சையே ஓர் உறுத்தல்தான். ரத்தம் உடம்பைவிட்டு வெளியே வந்து பிளாஸ்டிக் குழாயிலும் செயற்கைச் சவ்விலும் உரசித் திரும்புகிறது.

ஆக, டயாலிசிஸில் இருப்பவருக்கு சி.ஆர்.பி. கொஞ்சம் கூடுதலாக இருப்பது அரிதான சங்கதியே இல்லை. எவ்வளவு கூடுதல், எத்தனை நாளாக, எதனால் என்ற கேள்விகள்தான் முக்கியம்.

சீட்டில் எந்த வரிகளைப் பார்ப்பது

சி.ஆர்.பி. என்பது சி-ரியாக்டிவ் புரோட்டீன். 1930-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். நிமோனியா கிருமியின் மேல் இருந்த 'சி' என்று பெயரிட்ட சர்க்கரைப் பொருளோடு ஒட்டியதால் இந்தப் பெயர். தொற்றோ காயமோ ஏற்பட்ட ஆறேழு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். தூண்டுதல் நின்றுவிட்டால், ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

இந்த 19 மணி நேரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். காரணம் முற்றிலும் தீர்ந்திருந்தால் 24 என்பது மறுநாளே 12-க்குப் பக்கத்தில் வந்து, மூன்று நாளுக்குள் 3 ஆகியிருக்கும். இரண்டு வாரம் கழித்தும் அதே 24 நிற்கிறது என்றால் பழைய சி.ஆர்.பி. மிச்சம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கல்லீரல் இன்றைக்கும் புதிதாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறது, தூண்டும் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு கண்ணி அலகில் இருக்கிறது. சில லேப்கள் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அச்சிடுகின்றன. சில லேப்கள் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். மதுரையில் 24 என்று வந்தது, அடுத்த மாதம் திருமங்கலத்தில் வேறு லேபில் 2.4 என்று வந்தால், வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அலகு மாறியிருந்தால் ஒன்றும் குறையவில்லை. எண்ணைப் பார்க்கும் முன் அதற்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் 'இயல்பு' என்ற வரியையும் பார்க்க வேண்டும். முடிந்தவரை ஒரே லேபில் எடுப்பது நல்லது.

கல்லீரல் தயாரிக்கும் முக்கிய ரத்தப் புரதமான ஆல்புமின் இதற்கு எதிர்த்திசையில் போகும் குறி. கல்லீரல் போர்க்காலப் புரதங்களுக்கு மாறும்போது ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்துவிடுகிறது. அதனால் அழற்சி ஏறினால் ஆல்புமின் இறங்கும். அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 நாள் ஆகும் என்பதால், சி.ஆர்.பி. இந்த வாரக் கதையைச் சொன்னால், ஆல்புமின் கடந்த ஓரிரு மாதக் கதையைச் சொல்கிறது. டெசிலிட்டருக்கு 4 கிராமையொட்டி இருந்தால் நிம்மதி; 3.5-க்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் கவனிக்க வேண்டிய நிலை. ரத்தத்தை டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுத்தார்களா, முடிந்த பிறகா என்பதும் முக்கியம். நீர் இறக்கிய பிறகு ரத்தம் கெட்டிப்படுவதால் ஆல்புமின் பொய்யாகக் கூடித் தெரியும்.

பலரும் கவனிக்காத மூன்றாவது குறிக்குத் தனியாகக் காசே கட்ட வேண்டியதில்லை. ரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சீட்டில் நியூட்ரோபில், லிம்போசைட் என்று இரண்டு சதவீதங்கள் இருக்கும். நம் ஊர் லேப்களில் நியூட்ரோபிலைச் சில இடங்களில் பாலிமார்ப் என்று போட்டிருப்பார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 72-ம் 18-ம் இருந்தால் 4. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் 1 முதல் 3 வரை இருக்கும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் இந்த விகிதம் கூடுவதற்கும் இறப்பு கூடுவதற்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து என்று எல்லோருக்கும் பொதுவான எல்லைக்கோடு கிடையாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் விகிதம் ஏறும்.

ஃபெரிட்டினை இரும்புச்சத்துக் கணக்கு என்றே பலர் நினைக்கிறார்கள். அழற்சி இருந்தால் அதுவும் ஏறும். சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 900, ஆனால் ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 15 சதவீதம் என்று வந்தால், இரும்பு கிடங்கில் இருந்தும் கதவு பூட்டியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அழற்சிக்காகப் பார்க்கும் இன்னொரு பரிசோதனையான ஈ.எஸ்.ஆர்., ரத்தசோகை இருந்தாலே கூடிவிடும் என்பதால் டயாலிசிஸ் நோயாளிகளிடம் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இன்டர்லூகின்-6 நல்ல குறிதான், ஆனால் அன்றாடச் சிகிச்சையில் பார்ப்பதில்லை.

ஆயுளோடு இதற்கு என்ன தொடர்பு

1990-ல் அமெரிக்காவில் லௌரி, லியூ என்ற இருவர் 12,000-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனைகளை அலசினார்கள். யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பதோடு மிக நெருக்கமாக ஒட்டிநின்ற பரிசோதனை யூரியாவோ பொட்டாசியமோ இல்லை, ஆல்புமின். சத்துக்குறைவுதான் காரணம் என்றே அப்போது பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1999-ல் ஜெர்மனியில் 280 நோயாளிகளிடம் சி.ஆர்.பி. பார்த்தபோது விஷயம் இன்னும் தெளிவானது. வெளிப்படையான தொற்று இல்லாதவர்களிலேயே ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது கூடியிருந்தது. அடுத்த இரண்டு ஆண்டில் இறப்பும், குறிப்பாக இதயநோய் இறப்பும், அவர்களிடையே பெருமளவு கூடுதல். அதே ஆண்டு சுவீடனின் ஸ்டென்வின்கல் குழு, சத்துக்குறைவு, அழற்சி, ரத்தக்குழாய்த் தடிப்பு மூன்றும் கைகோத்துக்கொண்டு வருவதைக் காட்டியது. மூன்றில் ஒன்று வந்தால் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

எப்படி இழுக்கிறது? அழற்சி ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது. கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்புக்கு முதல் காரணமாக இதயநோய் இருப்பதன் ஒரு வேர் இங்கே இருக்கிறது. அழற்சி பசியையும் அடக்குகிறது, சாப்பிட்டாலும் தசை கரைகிறது. கால் மெலிந்து, பேன்ட் தொளதொளவென்று ஆகி, எடை மட்டும் நீரால் அப்படியே நிற்கும். அப்புறம் ரத்தசோகை. அழற்சி வந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைக் கூட்டுகிறது. அது இரும்பைக் கிடங்கிலிருந்து வெளியே விடாது. ரத்தம் ஊறுவதற்காகப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசியை எவ்வளவு கூட்டிப் போட்டாலும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டாமல் அடம்பிடிக்கிறது. "ஊசி போட்டும் ரத்தம் ஏறல" என்ற புகாருக்குப் பின்னால் இரும்புக்குறைவு, ரத்தக்கசிவு ஆகியவற்றோடு அழற்சியையும் சேர்த்துத் தேட வேண்டும்.

கொலஸ்ட்ரால் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் நோயாளிக்குக் கொலஸ்ட்ரால் தானாகக் குறைந்தால் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். இவர்களிடம் குறைந்த கொலஸ்ட்ரால் கூடுதல் இறப்போடு சேர்ந்து வருவதைக் கண்டு ஆராய்ச்சியாளர்களே ஒரு காலம் குழம்பினார்கள். அழற்சியும் சத்துக்குறைவும் கொலஸ்ட்ராலைக் கீழே இழுத்ததுதான் காரணம் என்று 2004-ல் வெளியான ஓர் ஆய்வு பிரித்துக் காட்டியது. மாத்திரை, உணவு மாற்றம் எதுவும் இல்லாமல் அது இறங்கிக்கொண்டே வந்தால் நல்ல சேதி என்று விட்டுவிடக் கூடாது.

சரி, உசிலம்பட்டிக்காரரின் 24 அவருடைய ஆயுளைச் சொல்லிவிடுமா? சொல்லாது. ஆய்வுகள் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. கணக்குக்காக, சி.ஆர்.பி. குறைந்த நூறு பேரில் ஓர் ஆண்டில் பத்துப் பேர் இறந்தார்கள், கூடிய நூறு பேரில் இருபது பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இரு மடங்கு ஆபத்து' என்று தலைப்பு வரும். கூடிய கூட்டத்திலும் எண்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது தலைப்பில் வராது. அந்தக் கூட்டத்திலேயே கழுத்துக் குழாயில் தொற்று இருந்தவர், காசநோய் மறைந்திருந்தவர், நேற்றுப் பல் பிடுங்கியவர் எல்லோரும் கலந்து நிற்கிறார்கள். ஒருவருடைய காரணம் தீர்ந்தால் அவர் அந்தக் கூட்டத்தைவிட்டு வெளியே வந்துவிடலாம்.

எங்கே தேடுவது

கைக்குழந்தை அழுகிறது. பசியா, எறும்பு கடித்ததா, வயிற்றுவலியா என்று அழுகை சொல்லாது; துணியை அவிழ்த்துத் தலை முதல் கால் வரை பார்க்கிற அம்மாதான் கண்டுபிடிப்பாள். சி.ஆர்.பி.யும் அப்படித்தான். டயாலிசிஸ் நோயாளிக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமல் போவது உண்டு என்பதால், கண்ணால் பார்த்துத் தேடுவது இன்னும் அவசியம்.

1. கழுத்துக் குழாய். என் கணக்கில் முதல் சந்தேகம் எப்போதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் நிறையப் பேர் மூச்சுத்திணறி அவசரமாக வந்துசேர்ந்து, கழுத்தில் கதீட்டர் போட்டு டயாலிசிஸ் தொடங்குகிறார்கள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) வைத்து அது பழுக்க ஆறு வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் ஆகும். "கழுத்துல நல்லாத்தானே ஓடுது" என்று ஃபிஸ்டுலாவைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. குழாய் என்பது தோலைத் துளைத்து இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் ஓர் அந்நியப் பொருள். மதுரை வெயிலில், வியர்வை ஊறிய கட்டுக்கு அடியில் கிருமிக்குக் கொண்டாட்டம். கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். குளிக்கும்போது அதன்மேல் தண்ணீர் படக் கூடாது. வாசலில் சிவப்போ சீழோ வலியோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே குழாயின் சுவரில் கிருமிப் படலம் இருக்கக்கூடும். ஃபிஸ்டுலா நன்றாகப் பழுத்து, கை வைத்தால் கிர்ரென்று அதிர்வு தெரிந்து, ஊசியும் பழகிவிட்டால், கழுத்துக் குழாயை எப்போது எடுப்பது என்று கேட்பது நோயாளியின் உரிமை.

2. பாதம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் போனவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்திருக்கும். செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போய்வந்தவரின் குதிகாலில் கருவேல முள் முறிந்து மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கலாம், வலியே தெரியாது. விரலிடுக்கு, குதிகால், நகத்தின் ஓரம் மூன்றையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்கு வீட்டில் வேறு யாராவது பார்த்துச் சொல்லலாம்.

3. வாய். ஈறு வீங்கி ரத்தம் கசிவது, ஆடும் பல், வெற்றிலை புகையிலையால் அரித்த ஈறு. இதெல்லாம் அழற்சியின் நிரந்தர ஊற்று. சிறுநீரக நோயாளி பல் மருத்துவரிடம் போவது அபூர்வம். போகும்போது டயாலிசிஸ் நாளைத் தவிர்த்து மறுநாள் போவது நல்லது. டயாலிசிஸில் கொடுக்கும் ஹெப்பாரினால் ரத்தம் உறையத் தாமதமாகும்.

4. காசநோய். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இருமலே இல்லாமல் கழுத்து நெறியிலோ, நுரையீரலைச் சுற்றிய நீரிலோ, வயிற்றிலோ ஒளிந்திருக்கும். தோலில் போடும் மாண்டூ ஊசி இவர்களிடம் பொய்யாக 'இல்லை' என்று சொல்வது சகஜம். மாலையில் உடம்பு கணகணப்பது, பசியின்மை, எடை கரைவது, இறங்காத சி.ஆர்.பி. எல்லாம் சேர்ந்து வந்தால் இதை விலக்கிவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும்.

5. தண்ணீர். ஒரு டயாலிசிஸுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த நீர் செலவாகிறது. நிமிடத்துக்கு 500 மில்லி, நான்கு மணி நேரம். போர்த் தண்ணீரோ, ஆற்றுத் தண்ணீரோ, லாரித் தண்ணீரோ, ஆர்.ஓ. பிளான்ட் வழியாக வந்து, மெல்லிய ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் நோயாளியின் ரத்தத்தோடு நிற்கிறது. கிருமி செத்தாலும் அதன் துணுக்குகளான எண்டோடாக்சின் சவ்வைத் தாண்டிக் கசிந்து அழற்சியைத் தூண்டும். அனைத்துலகத் தரத்தின்படி டயாலிசிஸ் நீரில் ஒரு மில்லிக்குக் கிருமிக் காலனிகள் 100-க்குக் கீழேயும் எண்டோடாக்சின் 0.25 அலகுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். அதிதூய திரவம் என்றால் முறையே 0.1, 0.03. தனி ஒருவருக்கு சி.ஆர்.பி. ஏறினால் அவர் உடம்பில் தேட வேண்டும். ஒரே மையத்தில் ஒரே ஷிஃப்டில் பலருக்கு ஒன்றாக நடுக்கம் வந்தாலோ எண்கள் ஏறினாலோ, தண்ணீரில் தேட வேண்டும். கடைசியாக எப்போது தண்ணீர் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்தீர்கள் என்று கேட்டால், நல்ல மையம் தேதியோடு பதில் சொல்லும்.

6. ஏறிய நீர். சித்திரைத் திருவிழா சமயத்தில் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல். யாராவது அன்போடு டம்ளரை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று டயாலிசிஸ் நோயாளியைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் மூன்று நான்கு கிலோ ஏறினால் இதயத்துக்கும் சுமை, ஊறிய குடல் வழியாக அழற்சிக்கும் வழி. சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறையும். தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு ஊறுகாயையும் கருவாட்டையும் விடாமல் இருந்தால் நடக்காது.

7. மறந்துபோன பழைய பொருள்கள். டயாலிசிஸுக்காக வைத்து, அடைத்துப்போய்க் கையிலேயே விட்ட கிராஃப்ட் என்ற செயற்கை ரத்தக்குழாய், செயலிழந்தும் வயிற்றில் இருக்கும் மாற்றுச் சிறுநீரகம். ஹெபடைடிஸ் சி-யையும் இதோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்கள் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பிறகு கிராமங்களிலும் கண்ணில் படுகிறார்கள். அவர்களுக்கு முதல் பரிசோதனைக் கருவி பழைய செய்தித்தாள்தான். வெளியே வந்த திரவப் பையை அச்செழுத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. மங்கலாகத் தெரிந்தால் அது வயிற்று உறைத் தொற்றாக இருக்கலாம், சி.ஆர்.பி. முடிவுக்குக் காத்திருக்காமல் அந்தப் பையோடு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணை மட்டும் குறைத்தால் போதுமா

காரணத்தைத் தேடாமல் சி.ஆர்.பி.யை மட்டும் இறக்கும் மாத்திரை கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. முயன்று பார்த்திருக்கிறார்கள். 2009-ல் வெளியான ஆய்வில் 2,776 டயாலிசிஸ் நோயாளிகளில் ஒரு பாதிக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையைக் கொடுத்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இறங்கியது, சி.ஆர்.பி.யும் ஓரளவு குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது அர்த்தமுள்ள வித்தியாசம் கிடைக்கவில்லை. இதற்காக, ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்திவிடக் கூடாது; டயாலிசிஸுக்கு வந்தபின் புதிதாகத் தொடங்குவதைப் பற்றித்தான் கேள்வி.

இப்போது கவனம் இன்டர்லூகின்-6-ஐ நேரடியாகத் தடுக்கும் ஊசிகளின் பக்கம் போயிருக்கிறது. டயாலிசிஸுக்கு வராத சிறுநீரக நோயாளிகளிடம் ஜில்டிவெகிமாப் 2021-லும், டயாலிசிஸ் நோயாளிகளிடம் கிளாசாகிசுமாப் 2024-லும் சி.ஆர்.பி.யைப் பெருமளவு இறக்கிக் காட்டின. எண் இறங்குவதும் ஆயுள் கூடுவதும் வேறு வேறு என்று ஸ்டாட்டின் ஆய்வு ஏற்கெனவே பாடம் சொல்லியிருப்பதால், உயிர் காக்கிறதா என்பதைப் பெரிய ஆய்வுகள்தான் சொல்ல வேண்டும்.

சிகிச்சை முறையை மாற்றிப் பார்த்ததில் ஒரு நல்ல சேதி உண்டு. பெரிய மூலக்கூறுகளையும் இழுத்து வெளியேற்றும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் முறையை 1,360 பேரிடம் சோதித்த ஐரோப்பிய ஆய்வு 2023-ல் வெளியானது. வழக்கமான உயர்ரக டயாலிசிஸில் 21.9 சதவீதம் பேர் இறந்த காலத்தில், இந்த முறையில் 17.3 சதவீதம் பேர் இறந்தார்கள். அதற்கு அதிதூயத் தண்ணீரும் நல்ல ரத்த ஓட்டம் தரும் ஃபிஸ்டுலாவும் தேவை. அடிப்படை சரியாக இல்லாத இடத்தில் இயந்திரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கையில் கிடைக்கும் வலி மாத்திரையைப் போட்டு அழற்சியைக் குறைக்கப் பார்ப்பதுதான் நான் மிகவும் பயப்படும் விஷயம். டைக்ளோஃபெனாக் போன்றவை, இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும் சிறுநீரையும் நிறுத்திவிடும். வயிற்றில் ரத்தக்கசிவையும் உண்டாக்கும். நாளுக்கு ஒரு டம்ளர் சிறுநீர் போவதுகூட டயாலிசிஸ் நோயாளிக்குப் பெரிய சொத்து.

சாப்பாட்டில் ஒரு பழைய தடை

டயாலிசிஸுக்கு முன்பு, "பருப்பு, முட்டை, கறி குறைங்க" என்று சொல்லியிருப்பார்கள். அப்போது அது சரி. டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அதே பத்தியத்தைத் தொடர்கிற வீடுகள் ஏராளம். மருமகள் தனியாகக் குழைய வடித்த சோறும் ரசமும் மட்டும் வைக்கிறார், அக்கறையோடுதான். ஆனால் இப்போது கணக்கே மாறிவிட்டது. ஒவ்வொரு டயாலிசிஸிலும் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. வயிற்று டயாலிசிஸில் தினமும் 5 முதல் 10 கிராம் வரை புரதம் போகிறது. எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டை வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் இருக்கிறது, பாஸ்பரஸ் மிகக் குறைவு. மீனும் தோல் நீக்கிய கோழியும் அளவோடு சேரலாம். எவ்வளவு என்பதைப் பொட்டாசியம், பாஸ்பரஸ் எண்களைப் பார்த்து உணவு ஆலோசகர் முடிவு செய்வார்.

நன்றாகச் சாப்பிட்டும் ஆல்புமின் ஏறவில்லை என்றால், "நீ சரியா சாப்பிடல" என்று நோயாளியைத் திட்ட வேண்டாம். உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருந்தால் சாப்பாடு மட்டும் அதை ஏற்றாது.

சீட்டோடு மருத்துவரிடம் போகும்போது

1. கடைசி மூன்று நான்கு மாதச் சீட்டுகளையும் ஒன்றாக எடுத்துப் போங்கள். ஒரே ஒரு 24-ஐவிட 6, 9, 15, 24 என்று ஏறிவந்த வரிசை பல மடங்கு பேசும்.

2. கடந்த மூன்று வாரத்தில் பல் பிடுங்கியது, தடுப்பூசி, ஃபிஸ்டுலா அறுவை, சளிக்காய்ச்சல் எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். அதனால் ஏறியிருந்தால், இரண்டு மூன்று வாரம் கழித்து டயாலிசிஸ் தொடங்கும் முன் மறுபடி எடுத்தால் இறங்கியிருக்கும்.

3. தொற்று இருக்கும்போது நரம்பில் இரும்பு ஊசி போடுவதை நிறுத்திவைப்பது வழக்கம். சி.ஆர்.பி. திடீரென்று ஏறியிருக்கும் வாரத்தில், அடுத்த இரும்பு ஊசி போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது குளிர் நடுக்கம் வந்தால், ஏ.சி. குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பொறுத்திருப்பவர்கள் நிறைய. முக்கியமாகக் கழுத்துக் குழாய் உள்ளவர்கள் அப்படி இருக்கக் கூடாது. நடுக்கம் தொடங்கியதுமே, "சிஸ்டர், எனக்கு நடுங்குது" என்று சொல்லிவிட வேண்டும். குழாயில் கிருமி இருந்தால் டயாலிசிஸ் ஓட ஓட அது ரத்தத்தில் கலக்கிறது. அப்போதே ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் எந்தக் கிருமி என்று இரண்டு மூன்று நாளில் தெரியும். வீட்டுக்கு வந்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டபின் கல்ச்சர் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் வளராது. குழாயை எடுக்க வேண்டுமா, வைத்திருக்கலாமா என்று முடிவெடுக்க மருத்துவரின் கையில் இருந்த ஒரே தடயமும் போய்விடும்.